சந்தனம் வைத்த மடக்குக் கத்தி

வேலை முடிந்து வீட்டுக்குள் வந்ததும் என் கணவர் மகளைத் தூக்க இரண்டு கைகளையும் நீட்டுவார். அன்று இடது கை மட்டும் நீண்டது. வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

"அந்தக் கையக் காட்டுங்க" என்றேன்.

ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. "ஒண்ணும் இல்ல லா. வார் அறுக்கிறப்ப கத்தி மடங்கிருச்சு. கையுறை இருந்துச்சு, லேசாத்தான் பட்டுச்சு."

செங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவருக்குச் சரக்கு இறக்கும் பகுதியில் வேலை. லாரியில் வரும் பெட்டிகளைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் வாரை நாள் முழுக்க அறுக்க வேண்டும். அதற்காக எங்கள் முதல் திருமண நாளுக்கு நான்தான் அந்த மடக்குக் கத்தியை வாங்கிக் கொடுத்தேன். வாங்குவதற்கு முன் பல நாள் இணையத்தில் படித்தேன். விரித்ததும் கைப்பிடிக்குள்ளிருந்து ஒரு மெல்லிய தகடு நகர்ந்து வந்து, பூட்டுப்போலக் கத்தியின் அடியை முட்டிக்கொண்டு நிற்கும். அதைத் தள்ளினால்தான் கத்தி மடங்கும். பாதுகாப்பானது என்று எழுதியிருந்ததால்தான் வாங்கினேன்.

மகள் தூங்கியபின் கத்தியை விரித்து, முதுகுப் பக்கத்தை மேசை விளிம்பில் மெல்ல அழுத்திப் பார்த்தேன். எந்தத் தடையும் இல்லாமல் மடங்கியது. கைபேசி வெளிச்சத்தில் கீல் இருக்கும் இடுக்கைப் பார்த்தேன். தகடு முழுக்க நகர முடியாதபடி மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. நடுவில் சிவப்பு.

சந்தனமும் குங்குமமும்.

சில வாரங்களுக்கு முன் வீட்டில் ஆயுத பூஜை. குருபோங்கில் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன் மாமியார் ரெம்பியா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அங்கே பூஜையன்று மரம் சீவும் கத்திக்குச் சந்தனம் வைப்பார்கள். வேலையை விட்டு வெகுகாலம் ஆகியும் அவர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அரிவாள்மனை, கத்தரிக்கோல், ஸ்குரூடிரைவர், என் மடிக்கணினி என்று எல்லாவற்றையும் வாழையிலையில் வரிசையாக வைப்பார். மோட்டார்சைக்கிளுக்கு மாலை உண்டு. மடக்குக் கத்தியை, சாமிக்கு முன் மூடி வைத்தால் நன்றாக இராது என்று முழுக்க விரித்து வைத்தார். எது அசைகிறதோ அங்கேதான் உயிர் இருக்கிறது என்று கீலிலேயே தாராளமாகச் சந்தனத்தை அப்பினார். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்வரை தொடக் கூடாது. ஒரு முழு இரவும் அது அங்கேயே காய்ந்தது.

மரம் சீவும் கத்தியில் மடங்கும் பாகம் எதுவும் இல்லை. அதில் எத்தனை ஆண்டுகள் சந்தனம் வைத்தாலும் துடைத்தால் போய்விடும். இதில் போகவில்லை.

மறுநாள் காலை தோசை சுட்டுக்கொண்டே, முடிந்தவரை மெதுவாக மாமியாரிடம் சொன்னேன்.

"அப்ப நான் சாமி கும்புட்டதாலதான் என் மவன் கை வெட்டுப்பட்டுச்சுங்கிற."

"அப்படிச் சொல்லல அத்தே."

"வேற எப்படிச் சொன்ன?"

அவர் தோசையைப் பாதியில் வைத்துவிட்டுப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். நான் சொன்ன விதம் தவறோ, சொன்னதே தவறோ என்று மதியம்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

கணவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. "இனிமே பாத்துப் புடிச்சிக்கிறேன். நல்ல கத்தி, தூக்கிப் போட மனசு வரல."

"வேற வாங்கித் தரேன்."

"இது நீ கொடுத்தது லா."

இதைக் கேட்டு மகிழ்வதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சரிசெய்தாலும் செய்யாவிட்டாலும் அதைத்தான் அவர் வேலைக்குக் கொண்டுபோவார். அடுத்த தடவை கையுறை இல்லாத நேரமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை என் மனம் விரல் விரலாகக் கற்பனை செய்தது. கத்தியைக் காலிப் பால்மாவு டின்னில் போட்டு மூடி அலமாரியின் உச்சியில் வைத்தேன். மகளுக்கும் எட்டாது, அவருக்கும் உடனே கிடைக்காது.

எந்தப் பொருள் வாங்கினாலும் பெட்டியைத் தூக்கிப்போடாத பழக்கம் எனக்கு உண்டு. கத்தியின் பெட்டிக்குள் வாரண்டி அட்டை இருந்தது. தயாரிப்பில் குறை இருந்தால் எத்தனை ஆண்டானாலும் சரிசெய்து தருவார்களாம். தவறாகப் பயன்படுத்தினால் கிடையாது. அவர்களைக் கேட்காமல் கத்தியின் திருகாணியைக் கழற்றினாலும் கிடையாது.

பூஜை, தவறான பயன்பாடா? அதை அந்த அட்டை சொல்லவில்லை.

கத்தியைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தேன். கணவர் பின்னால் நின்று குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்டோர்ல தூசி ஜாஸ்தி, தூசி போயிருச்சுன்னு எழுது."

"தூசி மஞ்சளாவும் சிவப்பாவுமா இருக்கும்?"

"பின்ன என்ன, சாமி கும்புட்டோம், அதனால பூட்டு வேலை செய்யலன்னு எழுதுவியா? வெள்ளைக்காரன் சிரிப்பான்."

தூசி என்று எழுதினேன். அழித்தேன். திறந்து பார்த்தவுடன் தெரிந்துவிடும். பொய் சொன்னவர்களுக்கு யார் சரிசெய்து தருவார்கள்? சந்தனம் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். உண்மையைச் சொல்லி அவர்கள் மறுத்துவிட்டால் அவர் இதே கத்தியோடு திங்கட்கிழமை வேலைக்குப் போவார். கடைசியில் இப்படி ஆங்கிலத்தில் எழுதினேன்: ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் எங்களுக்குச் சோறு போடும் கருவிகளுக்கு நன்றி சொல்வோம். அப்போது பூசிய சந்தனம் கீலில் இறுகிவிட்டது. பூட்டு பிடிக்கவில்லை. என் கணவருக்கு விரலில் காயம். அவர் இதைத் தொடர்ந்து பயன்படுத்துவதாக இருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசி வாக்கியம் தேவையில்லை என்று அனுப்பிய பிறகுதான் தோன்றியது.

கத்தியைக் கேட்கக் கூடாதென்று கணவரிடம் சொல்லி, கடையிலிருந்து சாதாரண பேப்பர் கட்டர் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி பதில் சொல்லும்வரை மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த வாரத்திலேயே பதில் வந்தது. யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. திருகாணியைக் கழற்ற வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதோடு ஒரு கேள்வி: அந்தப் பூச்சில் என்னென்ன சேர்ந்திருக்கிறது? எதைக் கொண்டு கரைப்பது என்று முடிவு செய்ய அது தெரிய வேண்டும்.

எனக்குத் தெரியாது. மாமியாருக்குத்தான் தெரியும். அந்தத் தோசைக்குப் பிறகு அவர் என்னிடம் குழந்தையைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார். துணி மடித்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தே, கம்பெனில கேக்குறாங்க. சந்தனத்துல என்ன போட்டீங்கன்னு."

"எந்தக் கம்பெனி?"

"கத்தி செஞ்ச கம்பெனி."

மடித்த சட்டையை மடியில் வைத்தார். "என்னையா கேக்குறான்?"

"ஆமா. அது தெரிஞ்சாத்தான் சுத்தம் பண்ண முடியுமாம்."

"எழுதிக்க" என்றார். கைபேசியை எடுத்தேன். "சந்தனம் கட்டையில அரைச்சது இல்ல, கடைப் பொடி. பன்னீர்ல கரைச்சேன். கொஞ்சம் மஞ்சள். குங்குமம் கோயில்ல கொடுத்தது, அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு போடு. தெரியாதத தெரிஞ்ச மாதிரி எழுதாத."

"சரிங்க அத்தே."

"அப்புறம் நல்லெண்ணெய்."

"நல்லெண்ணெயா?"

"மறுநாள் கத்தி இறுக்கமா இருந்துச்சு. விளக்கு எண்ணெய ரெண்டு சொட்டு விட்டேன். விட்டதும் நல்லா மடங்குச்சு." என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைத் திரும்பவும் மடித்தார். "அதையும் எழுதுறதுன்னா எழுது. கேட்டதுக்குச் சொல்லணும்ல."

எண்ணெய் விட்டதைத் தவறான பயன்பாடு என்று சொல்லிவிடுவார்களோ என்று என் விரல் தயங்கியது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன்.

கத்தியைக் கெட்டியான அட்டையில் சுற்றி, குழந்தையின் டயப்பர் பெட்டியை வெட்டி அதற்குள் வைத்துக் கட்டினேன். கூரியர் கடைப் பெண் உள்ளே என்ன என்று மலாயில் கேட்டாள். கத்தி என்றதும், இடுப்பில் குழந்தையோடு நிற்கும் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். பழுது பார்க்க அனுப்புகிறேன் என்றேன். வாரண்டி அட்டையையும் எடுத்துக் காட்டினேன். அவள் அதைக் கேட்கவே இல்லை.

பிறகு காத்திருந்தோம். கணவர் பேப்பர் கட்டரைத் திட்டிக்கொண்டே வேலைக்குப் போய்வந்தார். மாமியார் மட்டும் அவ்வப்போது, "அந்தக் கம்பெனிக்காரன் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்பார், சொந்தக்காரரை விசாரிப்பதுபோல.

ஒரு மழை நாளில் பொட்டலம் வந்தது. கத்தியோடு ஒரு தாளும் சின்ன எண்ணெய்க் குழாயும். சந்தனத்தைக் கரைத்து எடுத்துவிட்டார்கள். சுத்தம் செய்வது வாரண்டியில் சேராது, இருந்தாலும் செய்திருக்கிறோம் என்று எழுதியிருந்தது. சுத்தம் செய்த பிறகும் பூட்டு சரியாக நிற்கவில்லையாம். தகட்டின் வளைவு ஆரம்பத்திலிருந்தே குறைவாக இருந்திருக்கிறது. அது தங்கள் குறை என்று சொல்லிப் புதுத் தகடு போட்டிருந்தார்கள். சமையல் எண்ணெய் விட வேண்டாம், அது நாளாக ஆகப் பிசினாகிவிடும் என்றும் இருந்தது.

தமிழில் வாசித்துச் சொன்னேன். எண்ணெய்ப் பகுதியையும் விடவில்லை.

"அப்ப அவன் செஞ்சதுலயும் கோளாறு இருந்திருக்கு" என்றார் மாமியார்.

"இருந்திருக்கு அத்தே."

"எனக்கு அப்பவே தெரியும்" என்று குழாயை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இதுல வாசமே இல்லியே."

கணவர் சோபாவில் சாய்ந்து சிரித்தார். "சாமி கும்புடலன்னா இது தெரிஞ்சே இருக்காது லா." எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் முதலில் கத்தியை விரித்து மேசை விளிம்பில் அழுத்தினேன். நின்றது. இன்னும் அழுத்தினேன். அசையாமல் நின்றது. அன்றிரவு படுக்கும்முன் மறுபடி ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் அவர் வேலைப் பையில் வைத்தேன்.

இந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு வாழையிலையில் எல்லாம் வரிசையாக இருந்தன. மகள் இப்போது நடக்கிறாள். அவளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமியார் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாக வந்தார். மடக்குக் கத்தி அருகில் நின்றார். அது மூடியிருந்தது.

"எங்க வைக்கட்டும்?" என்றார். "கம்பெனிக்காரன் எதுவும் சொன்னானா?"

அதைப் பற்றி அவர்கள் சொல்லவில்லை. கீலுக்கு எதிர்முனையில் கைப்பிடியின் அகலமான பகுதியைக் காட்டினேன். மோதிர விரலால் கடுகளவு தொட்டு வைத்தார், அதன்மேல் துளி குங்குமம். தலையைச் சாய்த்துப் பார்த்து, போதுமா என்று என்னைக் கேட்டார்.

"போதும் அத்தே" என்றேன்.

அடுத்த வேலை நாள் காலையில் கணவர் பொட்டைத் துடைத்துவிட்டுக் கத்தியை விரித்தார். டக்கென்று தகடு விழுந்து நின்ற சத்தம் சமையலறைவரை கேட்டது. வாசலுக்குப் போய், கையுறை போட மறக்காதீர்கள் என்று சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.