வாயில் விசிலோடு மூச்சு விட்டவர்

பதினோரு வருடமாக நான் ஓட்டிய பேருந்தில் தணிகாசலம்தான் கண்டக்டர். மயிலாப்பூர் குளத்தில் கிளம்பி, தேனாம்பேட்டை, பனகல் பூங்கா வழியாக அசோக் நகர் போகிற கதவில்லாத பழைய வண்டி. ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். ஒரு கை டிக்கெட் மெஷினுக்கும் இன்னொரு கை கம்பிக்கும் போய்விடுவதால் விசிலை உதட்டிலேயே கவ்விக்கொண்டிருப்பார்.

கோபம் அவருக்கு மூக்குக்கு மேல் வரும். படிக்கட்டில் தொங்குகிறவன், இறங்க வேண்டிய இடத்தில் தூங்குகிறவன், ஏறி உட்கார்ந்த பிறகு வண்டி எங்கே போகிறது என்று கேட்கிறவன், எல்லோருக்கும் அர்ச்சனைதான். போன ஆடியில் அவர்மேல் மூன்றாவது புகார் வந்தது. நான்காவது வந்தால் ஊருக்கு வெளியே இருக்கிற டிப்போவுக்கு மாற்றிவிடுவேன் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அது சாதாரண மிரட்டல் இல்லை. அவர் மனைவி செண்பகத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி மதியம் டயாலிசிஸ். இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் மேற்கு மாம்பலத்து வீட்டுக்கு ஓடி அவரைக் கூட்டிப்போவார். பிள்ளைகள் கிடையாது. தூரத்து டிப்போவுக்குப் போனால் அந்த அம்மாவை யார் கூட்டிப்போவது?

மிரட்டியதோடு விடாமல் மேனேஜர் அவரை மூன்று நாள் மூச்சுப் பயிற்சி வகுப்புக்கும் அனுப்பினார். என் பிராணன் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, வாயால் ஆறு எண்ணும்வரை விட வேண்டுமாம். யாராவது சண்டைக்கு வந்தால் இந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வந்தவன் பயந்துபோய், சாருக்கு மயக்கமா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பான். தேனாம்பேட்டையில் சிக்னல் பச்சையாகி மறுபடி சிவப்பாகிவிடும், எனக்கு விசில் வராது.

"அண்ணே, பின்னாடி நாலு வண்டி நின்னுக்கினு கீது. நீ இன்னா தியானம் பண்ற?" என்று கேட்டேன்.

"அந்தாளு வூட்ல இன்னா பிரச்சினையோ, லாரன்ஸு. நானும் சேந்து கத்துனா இன்னா ஆவும்?"

இருபத்தைந்து வருடம் கத்தித் தீர்த்த மனிதர் பேசுகிற பேச்சா இது? இதில் என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அது வேலை செய்தது. ஒரு நாள் ஒரு கிழவி வண்டிக்குள்ளேயே வாந்தி எடுத்துவிட்டாள். பழைய தணிகாசலமாக இருந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டிருப்பார். இவர் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, மண் அள்ளி வந்து போட்டார். அதிலும் பத்து நிமிடம் போயிற்று. நேரக் காப்பாளரிடம் திட்டு வாங்கியது நான்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், பனகல் பூங்கா நிறுத்தம். படியில் நின்ற ஒருவன் உள்ளே போக மாட்டேன் என்று தணிகாசலத்திடம் மல்லுக்கு நின்றான். இவருக்குக் கோபம் தலைக்கேறியது. உடனே பயிற்சியை ஆரம்பித்தார், வாயில் விசில் இருப்பதை மறந்துவிட்டு. ஒரு மூச்சு விட்டார், விசில் ஊதியது. இரண்டாவது மூச்சு விட்டார், மறுபடி ஊதியது.

இரண்டு விசில் கேட்டாலும் டிரைவர் இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. குறுக்கே மூக்கை நுழைத்த ஒரு ஆட்டோக்காரனை முறைத்துக்கொண்டிருந்தேன். வண்டியை எடுத்தேன். அலறல் கேட்டுப் பிரேக் போட்டபோது, பின்படியில் ஒரு கால் வைத்திருந்த ஹாஜிரா பீ கீழே விழுந்து கிடந்தார். லைனிங் துணி வாங்க வாரா வாரம் தி.நகர் வரும் தையல்காரம்மா.

ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினேன். "வூட்ல சொல்லிக்கினு வந்தியாமா? வுழறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?"

தணிகாசலம் இறங்கிப்போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். சிராய்த்த முட்டியில் தண்ணீர் விட்டுக் கழுவினார். "தப்பு என்னுதுமா. விசில் வாயில கீறத மறந்துட்டு மூச்சு வுட்டுட்டேன்."

"பரவால்ல தம்பி, எலும்பு ஒடியல," என்றார் அவர்.

அவர் புகார் செய்யவில்லை. நான் கத்தியதைச் செல்போனில் படம் எடுத்த ஒரு கல்லூரிப் பெண் செய்தாள். புகார் என்மேல்.

மேனேஜர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "தணிகாசலம், உங்க மேல எதுவும் இல்ல. டிரைவர் பார்க்காம எடுத்திருக்கார், விழுந்தவங்களையே திட்டியும் இருக்கார். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க விசில் கொடுத்தீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் வேலை, இடம், செண்பகத்தின் டயாலிசிஸ் எல்லாம் தப்பிக்கும். எனக்கு சஸ்பென்ஷன். தணிகாசலம் மெல்ல மூச்சை இழுத்தார், மெல்ல விட்டார்.

"குடுத்தேன் சார். ரெண்டு விசில். தப்பு என்னுது."

விசில் வந்தாலும் கண்ணாடியைப் பார்க்காதது என் தப்பு என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ஒரு மெமோவோடு போயிற்று. அவர் கணக்கில் அது நான்காவது புகாராக ஏறி, தூரத்து டிப்போவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

வெளியே வந்ததும் அவர்மேலேயே பாய்ந்தேன். "ஒனக்கு அறிவு கீதா அண்ணே? அண்ணிய இனிமே யாரு கூட்டினு போவாங்க?"

"அதுக்குத்தான் நீ கீறியே," என்றார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் ஷிப்டு முடிந்ததும் நான்தான் மேற்கு மாம்பலத்துக்கு ஓடுகிறேன். கண்ணாடியைப் பார்க்காதவன் நான் என்பது செண்பகத்துக்குத் தெரியும். ஒரு நாளாவது அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஊசி குத்தும்போது அவரும் கண்ணை மூடி எண்ணிக்கொண்டே மூச்சு விடுகிறார். பிறகு கண்ணைத் திறந்து, "சாப்ட்டியா லாரன்ஸு?" என்று கேட்கிறார்.