தண்ணீர் எட்டு டம்ளர்

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. நான்கு ஐம்பதுக்கு எழுந்தேன். இரண்டு டம்ளர் வெந்நீர், ரத்த அழுத்த மாத்திரை, ஐந்தரை வரை மொட்டைமாடியில் நடை. ஆறு மணிக்கு மூன்று இட்லி. ஆறு இருபத்தைந்துக்கு பஸ். ஆறு ஐம்பதுக்கு வார்டு. அதன் பிறகு தண்ணீர் குடிப்பது பிற்பகல் ஒன்றரைக்கு, கல்லூரிக்குத் திரும்பிய பின். பதினோரு ஆண்டுகளாக என் டைரியில் கிட்டத்தட்ட இதே வரிகள்தான். கடைசி வரியை எழுதும்போது எனக்கு ஒருநாளும் எதுவும் உறுத்தியதில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாக இருக்கிறேன். காலை நேரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவிகளைப் பக்கத்து மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போவது என் வேலை. அந்த வருடம் என் பொறுப்பில் ஏழு பேர். முந்தைய வருடம் ஒரு மாணவி காலையில் சாப்பிடாமல் வந்து கட்டில் கம்பியில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. அதனால் இந்த முறை ஜூன் மாதமே ஆளுக்கொரு நோட்டு கொடுத்தேன். நோயாளியைக் கவனிக்கப் போகிறவர்கள் தங்களைக் கவனித்துக்கொள்ளப் பழக வேண்டும் என்பது என் எண்ணம். ஸ்கேல் வைத்து நானே கோடு போட்ட நான்கு கட்டங்கள்: தூக்கம், காலைச் சாப்பாடு, தண்ணீர், மனசுக்காகச் செய்த ஒன்று. சனிக்கிழமைதோறும் வாங்கிப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்திடுவேன்.

முக்கூடலிலிருந்து வந்த பெண்ணின் நோட்டு எல்லாவற்றிலும் நேர்த்தியாக இருக்கும். அடித்தல் திருத்தல் கிடையாது. தண்ணீர் தினமும் எட்டு டம்ளர். மற்றவர்களுக்கு அதை எடுத்துக் காட்டியும் இருக்கிறேன்.

அன்று எட்டே முக்காலுக்கு அவள் பதினோராம் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது. நோயாளி நடுங்குகிறார் போலும் என்று நினைத்துப் போனேன். நடுங்கியது கம்பியைப் பிடித்திருந்த கை. கழுத்தைத் தொட்டதும் சுட்டது. தெர்மாமீட்டரில் நூற்றுமூன்று. இரண்டு நாளாக இடுப்புக்கு மேலே வலி, சிறுநீர் போகும்போது எரிச்சல் என்று கேட்கக் கேட்கத்தான் சொன்னாள். டாக்டர் பார்த்து அதே வார்டில், பதினோராம் கட்டிலுக்கு அடுத்த கட்டிலிலேயே படுக்க வைத்தார். சிறுநீர்த் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. சிறுநீரகம் வடிகட்டாமல் விட்ட கழிவைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தத்தில் 1.6. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இருக்கக்கூடாத எண். நாளைக் காலை மறுபடி எடுப்போம், கூடியிருந்தால் சிறுநீரக நிபுணர் இருக்கும் இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார்.

பிறகு அந்த எண் இறங்கிவிட்டது. ஆனால் அன்று எனக்கு அது தெரியாது. அன்று முழுவதும் எனக்குத் தெரிந்தது 1.6 மட்டும்தான்.

வீட்டுத் தொலைபேசி எண்ணுக்காக அவள் பையிலிருந்த நோட்டைத் திறந்தேன். எண் முதல் பக்கத்தில் இருந்தது. குறித்துக்கொண்ட பிறகும் கை தானாக இந்த வாரப் பக்கத்துக்குப் போனது. புதன்கிழமைக் கட்டத்தில் எட்டு டம்ளர். மணி அப்போது பத்துகூட ஆகவில்லை. வியாழன், வெள்ளி, சனி எல்லாம் நிரம்பியிருந்தன. எட்டு, எட்டு, எட்டு.

மதியம் காய்ச்சல் சற்றுத் தணிந்ததும் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். அவள் ஒளிக்கவில்லை.

"திங்கக்கிழமையே மொத்தமா எழுதிருவோம் மேடம். எட்டுன்னு போட்டா நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்கள்லா."

எல்லோருமா என்றேன். எல்லோரும்தான். உண்மையில் எவ்வளவு குடிக்கிறாய் என்றதற்கு, காலையில் சாப்பிடும்போது ஒரு வாய், பிறகு ஹாஸ்டலுக்குப் போய்த்தான் என்றாள். ஏன் என்று கேட்டேன். ட்ரிப்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தண்ணி குடிச்சா போவணும்லா மேடம். போவணும்னா சாவி கேக்கணும்."

வார்டின் கடைசியில் ஊழியர்களுக்கான கழிப்பறை ஒன்று உண்டு. நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் நுழைந்து இரண்டு முறை குழாய் அடைத்துக்கொண்டதால் வார்டுப் பொறுப்பு சிஸ்டர் அதைப் பூட்டிவிட்டார். சாவி அவர் மேஜை இழுப்பறையில் இருக்கும். அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெண் போய்ச் சாவி கேட்டால், "வந்து ஒரு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள என்னட்டி?" என்று வார்டுக்கே கேட்கும்படி சொல்லுவார். நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை கேட்டவள் மறுமுறை கேட்கமாட்டாள்.

அந்த வாக்கியத்தை நானும் கேட்டிருக்கிறேன். ஜூலையில் ஒரு நாள், இரண்டு கட்டில் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். நானும் லேசாகச் சிரித்தேன். நாங்களெல்லாம் இரண்டு மணி வரை அடக்கிக்கொண்டு நின்றே படித்தோம் என்று அன்று மனதில் ஓடிய பெருமையும் நினைவிருக்கிறது.

பதினோராம் கட்டில் நோயாளியின் அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். உள்ளே போன நீர் ஒரு பக்கம், வெளியேறிய நீர் மறுபக்கம். காய்ச்சலோடு நின்று அன்று காலை அவள் எழுதியதுதான். இரண்டு பக்கமும் மில்லிக் கணக்கு சுத்தமாக இருந்தது. வெளியேறியது குறைந்தால் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவள் நான். நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம்தான் இருந்தது.

அவள் அம்மா இரண்டே காலுக்கு வந்தார். பீடி சுற்றுகிறவர், வேலையைப் பாதியில் விட்டு வந்ததில் விரல்களில் புகையிலைத் தூள் அப்படியே இருந்தது. மகளின் காலைத் தடவிக்கொண்டே என்னிடம், நீங்கள் நோட்டுப் போட்டுத் தண்ணீர் குடிப்பதைக்கூடப் பார்ப்பீர்களாமே, போனில் சொல்லுவாள், அதனால் நிம்மதியாக இருந்தேன் என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த நோட்டில் இருப்பது உண்மையில்லை என்றேன்.

"பொய்யா எழுதுனா?" என்று மகளைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை என்று சொல்லி, சாவி விஷயத்தையும் சொன்னேன். அவர் விரல்களிலிருந்த தூளை முந்தானையில் துடைத்தார்.

"சுத்துன பீடியக் குடுக்கப் பீடிக்கடை வரிசைல நிக்கைல நாங்களும் அடக்கிக்கிட்டுதான் நிப்போம் மேடம். நர்சுக்குப் படிச்சா இவளுக்கு அது இருக்காதுன்னு நெனச்சேன்."

ஐந்தரைக்கு நானே அவளுடைய சிறுநீரின் அளவு பார்த்தேன். காலையிலிருந்து வெளியேறியது முந்நூற்றைம்பது மில்லி. ஏறிய ட்ரிப்ஸுக்கு அது குறைவு. பயப்படும் அளவுக்குக் குறைவா என்றால் சொல்ல முடியாது. அப்படிச் சொல்ல முடியாததுதான் பஸ்ஸில் வீடு வரும்வரை கூடவே வந்தது. ஆடிக்காற்று ஜன்னல் வழியாக மண்ணை வாரி அடித்தது. ஜன்னலை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. இரவு டைரியில் ஒரே வரிதான் எழுதினேன்: 1.6, 350.

மறுநாள் வியாழன். ஆறு நாற்பதுக்கே வார்டில் இருந்தேன். அவளுக்கு அப்போதுதான் ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள். முடிவு எட்டரைக்கு வரும் என்றார்கள். மற்ற ஆறு பேரும் வந்து வரிசையாக நின்றார்கள். வழக்கமாக வருகைப் பதிவைத்தான் முதலில் எடுப்பேன். அன்று எடுக்கவில்லை. பொறுப்பு சிஸ்டர் வந்து உட்காரும் வரை காத்திருந்து, அவர் மேஜைக்குப் போனேன்.

"சாவி வேணும் சிஸ்டர்."

"உங்களுக்கா மேடம்?"

"மொதல்ல எனக்கு. பொறவு இவங்க ஒவ்வொருத்தியா போவாங்க. யாரும் கேக்காம எடுக்குத மாதிரி இனி இந்தச் செவுத்து ஆணில தொங்கட்டும்."

அவர் என்னையும் அந்தப் பெண்களையும் பார்த்தார். பதினோராம் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலையும் பார்த்தார். இழுப்பறையைத் திறந்தார். நான் பையிலிருந்த பாட்டிலை எடுத்து அவர்கள் எதிரிலேயே பாதி குடித்தேன். சாவியை வாங்கிக்கொண்டு வார்டின் கடைசி வரை நடந்து, ஆறு பேரும் பார்க்கப் பூட்டைத் திறந்து, முதல் ஆளாக உள்ளே போனேன்.