டைமிங் பெல்ட் மாட்டிய ஞாயிற்றுக்கிழமை

என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவ்வளவு பேசினார்கள், என் வழியாக. விசேஷங்களில் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு, "சம்பால் கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார் ஒருவர். மற்றவர் காதில் அது தெளிவாக விழும். ஆனாலும் நான் எடுத்துச் சொல்லும்வரை சம்பால் நகராது.

காரணம் ஆட்டிறைச்சி. ஒரு தீபாவளிக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. இவர் கைப்படச் செய்த மட்டன் பெரட்டலைக் கடித்துவிட்டு என் அண்ணன், வந்தவர் எல்லோரும் கேட்க, "மாப்ளே, ஆடு இன்னும் கத்துது லா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். அன்று இவர் வாயை மூடினார். இவர் மூடியதால் அண்ணனும் மூடிக்கொண்டார். அதற்கு முன் ஞாயிறு தவறாமல் அண்ணன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்துவிடுவார். இரண்டு பேரும் எங்கள் காரின் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு சாப்பாட்டைக்கூட மறந்து கிடப்பார்கள். அந்த ஞாயிறுகள் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருப்பது அண்ணன் ஒருவர்தான்.

இந்த லட்சணத்தில் இவருக்குக் காரின் கேம் இரண்டையும் மாற்றும் ஆசை வந்தது. கேம் என்பது எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. பழையது பாசார் சந்தைக்கும் கோயிலுக்கும் ஒழுங்காகத்தான் போய்வந்தது. ஆனால் ஜப்பானிலிருந்து வெட்டிக் கொண்டுவரும் கார்களின் சாமான்களை விற்கும் ஹாஃப்-கட் கடையில் இதைவிட வேகமானது கிடைத்துவிட்டதாம். பழையதைக் கழற்றினார், புதியதைப் போட்டார், கேம்களை எஞ்சினோடு சேர்த்துச் சுற்றும் பல் வைத்த டைமிங் பெல்ட்டை மாட்டும் இடத்தில் மாட்டிக்கொண்டார். இரண்டு கேம் சக்கரங்களிலும் உள்ள கோடுகள் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒன்றைப் பிடித்தால் ஸ்பிரிங் தள்ளி மற்றது துள்ளி விலகும். ஒரு பல் தப்பினால் வண்டி முக்கும். நாலைந்து பல் தப்பினால் வால்வு பிஸ்டனில் இடித்து எஞ்சினே காலி. ஒரு ஆள் கை போதாது. இவர் போர்ச்சில் உட்கார்ந்து எஞ்சினை முறைத்துக்கொண்டிருந்தார். நான் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஒன்னைப் பாக்கத்தான் வந்தேன் மா" என்றார் அண்ணன். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் நேராகக் காரிடம் போனார்.

அண்ணன் இரண்டு ஸ்பானரால் கேம்களை அசையாமல் பிடித்துக்கொள்ள, இவர் பெல்ட்டை மாட்டினார். நடுவில் நான்.

"கோடு ரெண்டும் நேரா நிக்குதான்னு கேளு மா."

"நிக்குதுன்னு ஒங்க அண்ணன்கிட்ட சொல்லு."

"டென்ஷனர் நட்டை டைட் பண்ணச் சொல்லு மா."

டென்ஷனர் என்றால் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை என்று எனக்கு இப்போது தெரியும். அன்று தெரியாது. "எதையோ டைட் பண்ணணுமாம்" என்றேன். அண்ணன் சொன்னதைக் காதில் வாங்காத இவர் கேம் சக்கரத்தின் நட்டை நினைத்துக்கொண்டு, "அது அப்பவே பண்ணியாச்சுன்னு சொல்லு" என்றார். சொன்னேன்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முன் டயரைக் கழற்றிய இடத்தில் இவர் தரையில் உட்கார்ந்து, நீண்ட ஸ்பானரை மாட்டி எஞ்சினின் அடித்தண்டான கிராங்க்கை மெல்லத் திருப்பினார். அங்கிருந்து மேலே எதுவும் தெரியாது. மேலே பார்த்துக்கொண்டிருந்தவர் அண்ணன்.

அரைச் சுற்றுகூட ஆகவில்லை. அண்ணன் முகம் மாறியது.

"நிறுத்தச் சொல்லு மா, பெல்ட்டு வழுக்குது!"

கீழே ஸ்பானர் கொஞ்சம் தயங்கியது. நிற்கவில்லை. என் வாயால் வந்தால்தானே இவருக்கு அது செய்தி.

நான் வாயைத் திறந்தேன். என்ன தோன்றியதோ, மூடிக்கொண்டேன். கார் போனால் போகட்டும் என்று இருந்தது. அண்ணன் கண்ணாலேயே கெஞ்சினார். நான் எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்தேன்.

"மாப்ளே! திருப்பாதீங்க மாப்ளே, நிறுத்துங்க!"

ஸ்பானர் சட்டென்று நின்றது. கீழேயிருந்து குரல் வந்தது.

"என்னாச்சு மச்சான்?"

அண்ணன் குனிந்து பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டென்ஷனர் டைட் பண்ணலையா?"

"நீங்க எங்க மச்சான் சொன்னீங்க?"

"சொன்னேனே, இவகிட்ட."

இரண்டு தலைகளும் ஒன்றாக என் பக்கம் திரும்பின.

"இவகிட்ட ஒரு வேலை சொன்னா இப்படித்தான் மச்சான்."

"சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் மாப்ளே. உப்பு வாங்க அனுப்புனா சீனி வாங்கிட்டு வருவா."

பச்சைப் பொய். சீனி வாங்கி வந்தது அண்ணன்.

கோடுகளைத் திரும்ப நேராக்கி, டென்ஷனரை இறுக்கி, கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றினார்கள். கோடுகள் அதனதன் இடத்தில் வந்து நின்றன. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"கொஞ்சம் ஆடுதே மச்சான்."

"பெரிய கேம்னா அப்படித்தான் ஆடும் மாப்ளே, விடுங்க லா."

ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் ஆரம்பித்தார். பழக்கதோஷத்தில் நான் நடுவில் போய் நின்று, "யாருக்கு என்ன சொல்லணும்?" என்று கேட்டேன்.

"நீ உள்ள போ மா, வழியில நிக்காத" என்றார் அண்ணன். இவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

போனேன். துரத்தப்பட்டதற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.