வாளிக்குள் ஊறிய வைஸ்

பழைய இரும்புக் கடையில் வாங்கிய, பட்டறையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் திருகு துருப்பிடித்து அசையவே இல்லை. துரு கழலட்டும் என்று ஒரு வாளி புளித்த கள்ளில் ஊறப்போட்டு, சாக்கால் மூடி வைத்திருந்தேன். லைசென்ஸ் கள்ளுக்கடைகள் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கள்ளுக்கா பஞ்சம்?

இன்று காலை வாசலில் எக்சைஸ் ஜீப்.

"சாராய ஊறல் போட்டிருக்கீங்கன்னு போன் வந்துச்சு."

"வெறும் கள்ளுங்க சார். உள்ள வைஸ் கெடக்குதுங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. என் மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

அவர் வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டு வைஸைத் தூக்கித் தரையில் வைத்தார். கைப்பிடியைத் திருகினார்.

சுற்றியது!

"இனிமே வினிகர் வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று வாளியின் சாக்கைத் தூக்கிப் பார்த்தவர் ஒருவர்தான். அவர் இந்தப் பதிவையும் படிப்பார்.

அண்ணா, உங்க ரம்பத்துக்கு அரம் போடணும்னு கேட்டீங்களே, கொண்டு வாங்க. வைஸ் ரெடி.