சின்னத்தங்கம் கழற்றாத படம்

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டுப் போர்நிறுத்தத்துக்கு மறு ஆண்டு அந்த ஏற்பாடு நடந்தது. தென்னிலங்கைச் சிங்கள மாணவர் சிலர் மட்டக்களப்புக் கொக்கட்டிச்சோலைத் தமிழ் வீடுகளில் ஒரு கிழமை தங்குவார்கள். அவ்வீட்டுப் பிள்ளைகள் பின்னர் மாத்தறைக்குச் சென்று அவர்கள் வீடுகளில் தங்குவார்கள். சின்னத்தங்கத்தின் மகள் அன்னப்பூரணி பயணத்துக்கென்று புதுச் சட்டையும் தைத்துவிட்டாள்.

விருந்தாளிகள் வரும் நாள் காலை வீடு பார்க்க வந்த கிளோட், சுவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். மட்டக்களப்பு நகரத்தில் போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர், ஆசிரியர், ஏற்பாடெல்லாம் அவருடையதே. சுவரில் இளையதம்பியின் படம். தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் இராணுவம் ஏற்றிச்சென்ற அவர் திரும்பவே இல்லை. படத்துக்கு மாலை போடச் சொன்னவர்களை அவர் மனைவி சின்னத்தங்கம் வாசலோடு அனுப்பியிருந்தாள்.

“அக்கா, வாற புள்ளைர தகப்பன் ஆமிக்காரர். ஆர்ர படமெண்டு கேட்டா என்ன சொல்லுற? ஒரு கிழமைக்குக் கழட்டி வைங்களன். உங்கட அண்ணன் கனகசிங்கம் ஓமெண்டவர்.”

“அண்ணன் இருக்கிற அவர்ர பொஞ்சாதிர வீட்டில. இது எனக்குச் சீதனமாத் தந்த வீடு. என்ட சுவரப் பத்தி அவரிட்ட ஏன் கேட்டீங்க?”

வீடு பெண்ணுக்குரியது என்ற ஊர் வழமையைக் கிளோட் அறியாதவரல்லர். ஆணிடம் கேட்பது இலகுவென்று எண்ணிவிட்டார்.

“அப்ப புள்ளைய வேற வீட்டிலதான் விடணும். உங்கட மகளும் மாத்தறைக்குப் போக ஏலாது.”

“ஒரு கிழமைதானேம்மா,” என்றாள் அன்னப்பூரணி.

“அப்பாவ ஒளிச்சு வெச்சுப்போட்டு அங்க போய் என்னத்தக் கதைக்கப் போறாய்?”

பிற்பகல் மண்முனைத் துறையில், ஆட்களையும் வண்டிகளையும் வாவி கடத்தும் ‘பாதை’ என்ற மிதவையிலிருந்து மாணவர்கள் இறங்கினார்கள். தன் வீட்டுக்கென முதலில் ஒதுக்கப்பட்டிருந்த, படைவீரரின் மகள் நிலூகாவின் முன்னே போய் நின்றாள் சின்னத்தங்கம்.

“சேர், ஒரு சொல்லும் விடாமச் சிங்களத்தில சொல்லுங்க. உங்கட ஆமி என்ட புருஷனக் கொண்டு போன. அவர்ர படம் சுவரில இருக்கு, கழட்டமாட்டன். சோறும் இருக்கு, பாயும் இருக்கு. வாறியா?”

கிளோட் இரண்டே சொல்லில் முடித்தார்.

“நான் இவ்வளவு கதைச்சன். சிங்களம் அவ்வளவு சிக்கனமா சேர்?”

துறையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வியர்த்துப்போன கிளோட் இம்முறை முழுவதையும் சொன்னார். நிலூகா மணலில் வைத்திருந்த பையை எடுத்தாள். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏதோ கேட்டாள்.

“வீடு தூரமா எண்டு கேக்கிறா,” என்றார் கிளோட். குரல் இறங்கியிருந்தது. “அன்னப்பூரணிர பேர நான் வெட்டல்ல அக்கா.”

“வெட்டியிருந்தா மாத்தறைக்கு நானே கூட்டிப் போயிருப்பன்.”

அன்றிரவு படத்துக்கு நேரெதிரே அமர்ந்து சோறுண்ட நிலூகா, பாதியில் அழத் தொடங்கினாள். அன்னப்பூரணி எழுந்து படத்தை மறைத்து நிற்கப் போனாள். சின்னத்தங்கம் மகளின் கையைப் பிடித்து இருத்தினாள். எருமைத் தயிர்ச் சட்டியை விருந்தாளியின் பக்கம் தள்ளி, அவளுக்கு விளங்காத தமிழில் சொன்னாள்:

“அழுறதெண்டா அழு புள்ள. மறுகா சாப்பிடு.”