சோமலிங்கத்தாரின் டிம்மர் சுவிட்ச்

நெடுந்தீவில் மின்சார வேலையில் தம்மை மிஞ்ச ஆளில்லை என்று சோமலிங்கம் நம்பினார். அப்படி நம்புகிற ஒரே ஆள் தாம்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

விறாந்தையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சை மாட்டியதும் எல்ஈடி பல்ப் துடிதுடித்தது. டிம்மருக்குத் தோதான பல்பா என்று பெட்டியைப் பார்க்காமல் வாங்கிய தம் மூளையைத் தாமே மெச்சிக்கொண்டு, மறுபடி படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சரியானதை வாங்கிவந்து பூட்டினார்.

அன்று மாலை குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது விறாந்தை வெளிச்சம் மெல்ல மங்கியது. கரண்ட் குறைந்தால் பிரிட்ஜ் பழுதாகிவிடும் என்று ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றுவது தீவில் எல்லாருக்கும் பழக்கம். சோமலிங்கமும் பாய்ந்து பிடுங்கினார். மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்து, "அக்கா, கரண்ட் குறையுது! பிரிட்ஜைக் கழட்டுங்கோ!" என்று கத்தினார்.

விறாந்தையிலிருந்து மனைவி யோகராணி வந்தாள். "ஏனப்பா கத்துறியள்? நான்தான் உங்கடை சுவிட்சைத் திருப்பிப் பாத்தனான்."

அதற்குள் செய்தி மதிலுக்கு மதில் தாவித் தெருமுனைக்குப் போய்விட்டது. "சோமலிங்கத்தார் சொன்னவர், கழட்டுங்கோ!" என்று யாரோ கூவுவது கேட்டது.

கரண்ட் விஷயத்தில் ஊர் அவர் பேச்சை நம்பியது அன்றுதான் முதல் தடவை.