கா.கு.

மன்னிப்பது பெரிய குணம் என்பார்கள். எனக்கு அந்தக் குணம் கிடையாது, வேண்டவும் வேண்டாம்.

பழம்பொருள் வாங்கி, அதன் பூர்வீகம் விசாரித்து, ஏலத்துக்கு அனுப்புவது என் தொழில். ஒருநாள் நான் குந்தாரப்பள்ளிச் சந்தையில் பித்தளைச் சாமான்களைப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஜூஜுவாடியில் இதே தொழில் செய்கிறவன் ஒருவன் சூளகிரியில் எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான். "உங்க பொண்ணுதாங்க எடுத்துட்டு வரச் சொல்லுச்சு" என்று அப்பாவிடம் புளுகி, வெற்றிலைப் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

மூடியில் இரண்டு கிளிகள் உள்ள பித்தளைப் பெட்டி. என் தாய்மாமன் சீராக வைத்தது. அம்மா போன பிறகு அப்பா அதைக் கைக்கெட்டும் தூரத்திலேயே வைத்திருப்பார்.

அப்பா சொன்ன அடையாளத்தை வைத்து ஆளைப் பிடித்து நான் போனில் கேட்டதற்கு அவன், "நான் உங்க ஊர்ப் பக்கமே வரலையேம்மா. பெரியவருக்கு வயசாயிருச்சுல்ல" என்றான். சொந்தக்காரர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பெட்டியை எவனிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டார், புத்தி தடுமாறுகிறது என்றார்கள். ஒருநாள் கோபத்தில் நானும் அவரை, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா, அவன்தானா?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் வெற்றிலையைத் தொடவில்லை. அடப்பாவி, பெட்டியோடு என் அப்பாவின் பேச்சுக்கு இருந்த மதிப்பையும் அல்லவா தூக்கிக்கொண்டு போனாய்!

நாலு மாதம் கழித்து ஓர் ஏலப் பட்டியல் போனுக்கு வந்தது. அதில் எங்கள் பெட்டி, விற்பவன் என்று அவன் பேரோடு. 'பாளையக்காரர் அரண்மனை வெற்றிலைப் பெட்டி. அடியில் மன்னரின் பெயர்ச் சுருக்கம்: கா.கு.'

ஆத்திரம் வந்தது. சிரிப்பும் வந்தது. அவன் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுவான். படிக்கத் தெரிந்தது கன்னடம் மட்டும். யாரோ எழுத்துக்கூட்டிச் சொன்னதை வைத்து ஒரு ராஜாவையே பெற்றுவிட்டான். சீர்ப் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டுவோமே, அந்த எழுத்துதான் அது. கா.கு. என்றால் காது குத்து. என்னுடைய காது குத்து.

ஏலத்துக்கு முதல் நாள் பொருட்களைப் பார்க்க விடுவார்கள். அப்போதே சொல்லியிருந்தால் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்திருப்பான். எனக்குச் சத்தம்தான் வேண்டும். வாயே திறக்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் ஓசூர் மண்டபத்தில் அவன் மைக் பிடித்து ராஜா கதை சொல்லி முடித்ததும் எழுந்தேன்.

"அந்த ராஜாவோட முழுப் பேரு என்னங்க?"

"அது... ஆராய்ச்சி நடக்குதும்மா."

"முடிஞ்சிருச்சுங்க" என்று ஒரு போட்டோவை ஏலம் விடுபவரிடம் நீட்டினேன். மொட்டைத் தலையில் சந்தனம், மாமன் மடியில் வாய் கிழிய அழுகிற நான், எதிரே சீர்த்தட்டில் அதே கிளிப் பெட்டி. "கா.கு.ன்னா காது குத்துங்க. அந்த ராஜா நான்தான்!"

மண்டபமே சிரித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கன்னடத்தில் விளக்கிச் சொன்னதும் கன்னடக்காரர்கள் தனியாக ஒருமுறை சிரித்தார்கள். அந்த இரண்டாவது சிரிப்புதான் எனக்கு ரொம்ப இனித்தது.

ஏலத்திலிருந்து பெட்டியை நீக்கிவிட்டார்கள். வாசலில் அவன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான்.

"யாரோ சந்தையில வித்தாங்கம்மா, நானும் ஏமாந்துட்டேன். இந்தா, எடுத்துக்க."

காதுத் தோட்டைத் தொட்டுக் காட்டினேன். "எனக்கு ஒரு வயசுலயே காது குத்தியாச்சுங்கண்ணா. பொட்டி எனக்கு வேண்டாம். நீங்களே சூளகிரிக்கு வந்து, வாங்குன கையில குடுங்க. இல்லன்னா இந்தப் போட்டோ ஸ்டேஷனுக்குப் போகும்."

வந்தான். தெருவில் சொந்தக்காரர்கள் கூடி நின்றார்கள். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். அவன் தலையைக் குனிந்து பெட்டியை நீட்டினான். அப்பா பெட்டியைப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவன்தாம்மா" என்றார். "நான் சரியாத்தான் சொன்னேன்."